நான்காம் பல்சக்கரத்தில் ஒரு தயக்கம்

சங்கிலி ஏறப் பார்த்தது, ஏறவில்லை. மூன்றாம் பல்சக்கரத்திலிருந்து நான்காவதற்குத் தாவ வேண்டிய இடத்தில் ஒரு கணம் தலையை நீட்டி, பக்கத்துப் பல்லில் உரசி, கறகறவென்று முனகிவிட்டு, பெடலை இன்னும் கொஞ்சம் சுற்றிய பிறகு மனமில்லாமல் போய் உட்கார்ந்தது. வசந்தாமணி பெடலிலிருந்து கையை எடுத்தாள். ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்த சைக்கிளின் பின்சக்கரம் தன்பாட்டுக்குச் சுழன்றது. மூன்றாம் மாடியின் பின்பக்க பால்கனியில், சலவை இயந்திரத்துக்கும் துணி காயும் கம்பிக்கும் நடுவே, சாயங்கால வெயில் சக்கரத்தின் கம்பிகளுக்குள் நுழைந்து சுவரில் ஓயாமல் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தது. அவசரப்படாதே, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் பார்க்க வேண்டும், பார்த்த பிறகே அடுத்தது. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று கடவுளுக்கும் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையின் இருட்டறையில் இத்தனை வருடமாக அவள் செய்வது இதைத்தானே. கனமான சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைச் செருகி, இப்ப நல்லாத் தெரியுதுங்களா, சரி, இப்பங்களா, முந்தி இருந்தது தேவலையா இதுங்களா என்று கேட்டுக் கேட்டு, ஆள் சலித்துப்போய் எல்லாம் ஒண்ணுதானுங்க என்று சொல்கிற எல்லைக்கு வந்ததும் நிறுத்துவது. எல்லாம் ஒன்றுதான் என்று அவர்கள் சொல்லும்போது பார்வை சரியாகிவிட்டது என்று அர்த்தம், அல்லது அவர்கள் களைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேபிள் வந்து சேரும் முனையில் விரலால் திருகக்கூடிய சின்ன உருளை ஒன்று இருக்கிறது. அதைக் கால் சுற்றுத் திருகினாள். கேபிள் ஒரு மயிரிழை இறுகியிருக்கும். பெடலைச் சுற்றினாள், கியர் விசையைத் தட்டினாள். இப்ப நல்லாத் தெரியுதுங்களா?

நான்காவதில் ஏறியது, சுத்தமாக. ஆனால் ஆறாவதிலிருந்து ஏழாவதற்குப் போகையில் சங்கிலி எட்டாவதைத் தொட்டுப் பதறியது. இதுதான் பிற்பகல் முழுக்க நடக்கிறது. இந்தப் பக்கம் சரிசெய்தால் அந்தப் பக்கம் கெடுகிறது, அந்தப் பக்கம் தளர்த்தினால் இந்தப் பக்கம் தயங்குகிறது; சின்னப் பல்சக்கரங்களுக்கும் பெரிய பல்சக்கரங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடு மாதிரி. “டாக்டரம்மா, பேஷண்ட் பொழைச்சுக்குவாருங்களா?” என்று கூடத்திலிருந்து கணவர் குழந்தைவேலுவின் குரல் வந்தது. “பேஷண்டக் கொண்டாந்து விட்டவருதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. எப்ப இருந்து இப்படிங்கன்னு கேட்டா, இப்பத்தானுங்கறாரு” என்றாள். “சத்தம் வருது, கியர் சரியா விழுகறதில்லை. இதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?” தெரியாதுதான். ஊர் ஊராகப் போய்க் கிணற்று மோட்டார் விற்கிற மனிதர், வீட்டில் ஒரு மின்விளக்கைக்கூடத் திருகி மாட்டியதில்லை. சர்க்கரை எட்டிப்பார்த்த வருடம் டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் சைக்கிள் வாங்கினார். கடைக்கு ஒவ்வொரு முறையும் எடுத்துப்போக அலுத்து, மூக்குக்கண்ணாடியின் குறுந்திருகுகளோடு பழகிய விரல்தானே என்று அவளே பழுதுபார்க்கத் தொடங்கியதில், ஓட்டுவது அவர், ஒக்கிடுவது அவள் என்று ஒரு பாகப்பிரிவினை ஏற்பட்டுப்போனது. வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். டிக்குடிக்குங்குது, கிரீச்சுங்குது, புறா மாதிரி ஒரு சத்தம் வருது. அவள் அதைக் கேட்டு நோயைக் கண்டுபிடிப்பாள். அதில் ஒரு பெருமை இருந்தது, யாரிடமும் சொல்லிக்கொள்ளாத பெருமை. கூடத்தில் தொலைபேசி ஒலித்தது. அவர் எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார். சம்பத். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு சேர்ந்து ஓட்டுகிறவன், இளவட்டம், வாய்க்காரன். “அண்ணா, நாளைக்கு கோத்தகிரி ரெடிங்களா? ஏறறது கூட ஏறிருவீங்க, எறக்கத்துல எங்களை விட்டுட்டுப் பறந்துராதீங்க.” “வண்டி ஆஸ்பத்திரியில கெடக்குது, அக்கா பாத்துட்டிருக்கறா.” “அக்கா கை பட்டா கேரண்டிங்கண்ணா. முடியலைன்னா சொல்லுங்க, எங்கிட்ட இன்னொரு வண்டி சும்மாதான் நிக்குது.” இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கையில் கிரீஸோடு, யாரும் பார்க்காமல்.

கோத்தகிரி இறக்கம். வளைவுக்கு வளைவு கண்ணாடிகள் வைத்திருப்பார்கள், எதிரே வரும் பஸ் தெரிவதற்கு; ஒருபக்கம் தேயிலை, மறுபக்கம் ஒன்றும் இல்லாதது. அந்த ஒன்றும் இல்லாததை அவள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், பார்த்ததும் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவர் நன்றாக ஓட்டுவார், நிதானம், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பார், பிரேக் ரப்பரை அவளே போன மாதம் மாற்றியிருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை. பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்த உடனே அந்தக் கல்யாண மண்டபம் வந்து நின்றது, எப்போதும் அப்படித்தான், கூப்பிடாமலே வரும். பந்தி வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தார், யாரோடோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது. கண் ஒரு பக்கமாகப் போயிற்று. மரம் சாய்கிற மாதிரி, கையைக்கூட ஊன்றாமல், சாய்ந்தார். அந்தச் சத்தம். தரையில் தலை பட்ட சத்தம். அதற்கு அவளிடம் உவமையே இல்லை, தேடவும் மாட்டாள். பிறகு உடம்பு தனியாக ஆடியது, யாரோ சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதெல்லாம் வேண்டாமுங்க, தள்ளி நில்லுங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க என்று அவளே குரலுயர்த்திச் சொன்னாள், எங்கிருந்து வந்தது அந்தக் குரல். வலிப்பு என்றார் நரம்பு டாக்டர். மாத்திரை கொடுத்தார். திரும்ப வராமல் ஒரு வருடம் தாண்டியதும் சைக்கிள் ஓட்டலாம் என்றார். ஆனால் மறுபடி ஒருமுறை வந்தால், சின்னதாக வந்தாலும், உடனே வந்து சொல்ல வேண்டும், வண்டியை அன்றே நிறுத்த வேண்டும். சொல்றேன், கண்டிப்பாச் சொல்றேன் என்று அவர் டாக்டரிடம் சொல்லவில்லை, இவள் பக்கம் திரும்பி இவளிடம் சொன்னார். மருத்துவமனை வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு வரவில்லை. வரவில்லை. பல்சக்கரம், வசந்தா, பல்சக்கரத்தைப் பார்.

உருளையைப் பழைய இடத்துக்கே திருகி வைத்துவிட்டு, அடியிலிருந்து ஆரம்பித்தாள். கேபிளின் மேலுறை எங்காவது முறிந்திருக்கிறதா? விரலால் தடவிக்கொண்டே போனாள், ஜோசியக்காரர் ரேகை பார்க்கிற மாதிரி, இல்லை. உள்ளே துரு? கேபிளை இழுத்து விட்டாள், வழுக்கிக்கொண்டு வந்தது. சங்கிலி புதிது. சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற அந்தச் சின்ன இரும்புக்கை, கடைக்காரர்கள் டீரெய்லர் என்பார்கள், அதன் இரண்டு எல்லைத் திருகுகளையும் பார்த்தாள். அவள் விட்ட இடத்தில்தான் இருந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் சரியாக இல்லை. சில பேருக்கு அப்படித்தான், எந்த வில்லையைப் போட்டாலும் கடைசி வரிக்கு முந்தைய வரி கலங்கும். வில்லையில் கோளாறு இருக்காது, மூக்கில் சட்டம் கோணலாக உட்கார்ந்திருக்கும். அவள் நிமிர்ந்தாள். இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளுக்குப் பின்னால் போய், சக்கரத்துக்கு நேராகக் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடினாள். பல்சக்கரங்கள் அடுக்கு அடுக்காக, நேர்ச்செங்குத்தாக நின்றன. அவற்றுக்கு இணையாக, ஒரே கோட்டில், கீழே தொங்க வேண்டிய அந்தக் கை, நேராகத் தொங்கவில்லை. அதன் அடிமுனை உள்பக்கமாக, சக்கரத்தை நோக்கி, வெட்கப்பட்டுத் தலைகுனிந்ததுபோலச் சாய்ந்திருந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை வண்டியோடு பிணைக்கிற சின்ன அலுமினியக் காது, ஹேங்கர், அதுதான் வளைந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது. கண்டுபிடித்துவிட்டாள். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் நின்றது. ஏனென்றால் அந்தக் காது தானாக வளையாது. எத்தனை ஆயிரம் முறை கியர் மாற்றினாலும் வளையாது. வண்டியின் உடம்புக்கு அடி படாமல் தான் வளைந்து கொடுப்பதற்கென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். அது வளைய வேண்டுமானால் வண்டி வலப்பக்கமாக, எடையோடு, தரையில் விழுந்திருக்க வேண்டும்.

நிறுத்தி வைத்த இடத்தில் சாய்ந்திருக்கலாம். கீழே பார்க்கிங்கில் ஏதாவது ஸ்கூட்டர் இடித்திருக்கலாம். இருக்கலாம், ஆனால் வண்டி கீழே நிற்பதில்லை, லிஃப்டில் ஏறி இந்த பால்கனிக்குத்தான் வருகிறது, இங்கே விழுந்தால் துணிக்கம்பியும் கூடவே விழும். வலது பெடலின் வெளி விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். துடைத்திருந்தது. வண்டியைத் துடைத்து அறியாத மனிதர் துடைத்திருக்கிறார். ஆனால் கறுப்புப் பூச்சில் சிமெண்ட் நிறத்தில் இழுபட்ட கோடுகள் துடைத்தால் போகிறவை அல்ல. கைப்பிடி ரப்பர் இரண்டும் புதிது. போன வாரம் அவரே கடையில் மாட்டிக்கொண்டு வந்து, பழசு பிசுபிசுங்குது வசந்தா, உனக்கு எதுக்குச் சிரமம்னு நானே போட்டுட்டு வந்துட்டேன் என்றபோது, பரவாயில்லையே, இந்த வயசில் மனுசனுக்கு வண்டி மேல் அக்கறை வந்திருக்கிறதே என்று அவளுக்கு மனம் குளிர்ந்திருந்தது. கிழிந்த ரப்பரை எங்கே எறிந்திருப்பார்? தெரிந்ததையெல்லாம் மறைத்திருக்கிறார். கண்ணில் படுகிறதையெல்லாம் துடைத்து, மாற்றி, எறிந்துவிட்டு, பின்சக்கரத்தருகில் இப்படி ஒரு காது இருப்பதே தெரியாமல், அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளிடம், கியர் சரியா விழுகறதில்லை, என்னன்னு பாரு என்று கொண்டுவந்து விட்டிருக்கிறார். சிரிப்பு வந்தது. அதற்குள் வேறொன்று வந்துவிட்டது, இந்த வாரத்து இரவுகள். ஜன்னல் பக்கமாக, வலப்பக்கம் ஒருக்களித்து, அவளுக்கு முதுகைக் காட்டித் தூங்குவதே அவர் வழக்கம், கல்யாணமான நாள்முதல் அவளுக்கு வாய்த்தது அந்த முதுகுதான். இந்த வாரம் முழுக்க அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். விளக்கை அணைத்த பின் அவர் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. என்ன இப்படித் திடீரென்று என்று அவள் கேட்கவில்லை, கேட்டால் கலைந்துவிடும் என்று இருட்டில் கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தாள், பெண்பார்க்க வந்த நாள் நினைவுக்கு வந்தது, அசட்டுத்தனம், இந்த வயதில். வலது தோள் வலித்திருக்கிறது. அவ்வளவுதான். வலது தோளும் இடுப்பும் அடிபட்டவர் வேறு எந்தப் பக்கம்தான் படுப்பார்.

விழுந்தது அல்ல விஷயம். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விழுவார்கள், சம்பத் மாதத்துக்கு ஒருமுறை விழுந்து அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறான். நாய் குறுக்கே வந்திருந்தால் அவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருப்பார், நாயைத் திட்டிக்கொண்டே சொல்லியிருப்பார், டெட்டால் எங்கே என்று வீட்டை ரெண்டாக்கியிருப்பார். மறைத்தார் என்றால், மறைக்க வேண்டிய விழுதல். நினைப்பு அந்த இடத்தில் வந்து முட்டியது, உரசியது, மேலே ஏற மறுத்தது. நாளைக் காலை. தேயிலைக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவே அந்த வளைவு, பேச்சு பாதியில் நிற்கிறது, கண் ஒரு பக்கமாகப் போகிறது. வேண்டாம். அவள் சுவரில் ஆடிய நிழலைப் பார்த்தாள். சக்கரம் எப்போதோ நின்றிருந்தது, நிழலும்தான். இதை இப்படியே விட்டுவிட்டால் என்ன? காது வளைந்துபோச்சுங்க, புதுசு வரவழைக்கணும், நாளைக்கு ஓட்ட முடியாது. பொய்கூட இல்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, பழி வண்டி மேல் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படிப்பார், கட்டிலில் அவர் சொல்லாததும் அவள் கேட்காததும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். ஆனால் சம்பத்திடம் இன்னொரு வண்டி சும்மாதான் நிற்கிறது. அந்த வண்டி இல்லையென்றாலும் அடுத்த ஞாயிறு இருக்கிறது. அவள் கருவிப்பையிலிருந்து பெரிய ஆலன் சாவியை எடுத்தாள். இதற்கென்று அளவுகோலோடு கூடிய கருவி கடைகளில் உண்டு. அவளிடம் இருப்பது கண்தான். கை பொருத்தப்பட்டிருந்த திருகில் சாவியை ஆழமாகச் செருகி, இடது கையால் சட்டத்தைப் பிடித்து, வெளிப்பக்கமாக இழுத்தாள். கொஞ்சம்தான். அலுமினியம் ஒருமுறை நிமிர்த்தினால் பொறுக்கும். திரும்பத் திரும்ப வளைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஒடிந்துபோகும். இழுத்தாள், பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், வந்தாள், இழுத்தாள். உலோகம் இணங்குவது மணிக்கட்டில் தெரிந்தது. கடைசியில் கை பல்சக்கரங்களோடு ஒரே கோட்டில் தொங்கியது. பெடலைச் சுற்றிக் கியரைத் தட்டினாள். சங்கிலி ஒன்றிலிருந்து கடைசிவரை ஏறிற்று, இறங்கிற்று, எந்த இடத்திலும் முனகவில்லை.

“சத்தம் நின்னுருச்சு போல” என்றபடி குழந்தைவேலு இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை. ஒன்றைச் சலவை இயந்திரத்தின் மேல் வைத்தார். “என்ன கோளாறு?”

“வலப்பக்கமா விழுந்தீங்களா?”

டீ அவர் உதட்டுக்குப் போகாமல் நின்றது. “யாரு சொன்னாங்க?”

“யாருஞ் சொல்லலைங்க. இங்க வாங்க, இது பேரு ஹேங்கர். வண்டி விழுந்தாத்தான் இது வளையும்.”

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இப்படி ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாதே” என்றார், கிட்டத்தட்ட முறையிடுகிற குரலில். பிறகு நிமிர்ந்து, தங்கு தடையில்லாமல் சொன்னார்: “பேரூர் பக்கம் ரோடு போடறாங்கல்ல, மணலைக் கொட்டி வெச்சிருக்கறான் மடையன், முன்சக்கரம் சறுக்கிருச்சு. நீ பயந்துக்குவேன்னுதான் சொல்லலை.”

இந்தச் சரளம் அவளுக்குத் தெரியும். பார்வை மங்கியவர்கள் சிலர், வெளியே காத்திருக்கும்போதே முந்தைய ஆள் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, உள்ளே வந்து கடைசி வரியைத் தயங்காமல் ஒப்பிப்பார்கள். தெரிந்து படிக்கிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் தடுமாறுவார்கள். அவள் கோபப்படவில்லை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு, அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை வெயிலுக்குக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஆறின தழும்பு இல்லை. இடது கையையும் திருப்பினாள்.

“சறுக்கி விழுகறவங்க கையை ஊனுவாங்க” என்றாள்.

அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“விழுந்தது எனக்குத் தெரியலை, வசந்தா. கண்ணைத் தொறந்தா மேல வேப்பமரம் நின்னுச்சு. டெம்போக்காரர் ஒருத்தர் தண்ணி குடுத்தாரு. எம் பேரைக் கேட்டாரு, உடனே சொல்ல வரலை.”

“வந்தா சொல்றேன்னீங்க.”

“சொன்னா வண்டியை எடுத்துருவே.”

“ஆமாங்க. எடுத்துருவேன்.”

“அப்ப எதுக்கு இதை உக்காந்து சரி பண்ணினே?” என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

சொல்வதற்கு இரண்டு மூன்று இருந்தன, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தாள். “வண்டி கெட்டுப்போச்சுன்னு உங்களை நிறுத்தினா, வண்டி சரியானதும் கெளம்பிருவீங்க. உங்களைத்தானே நிறுத்தணும்” என்றாள். “திங்கக்கெழம டாக்டர்கிட்டப் போலாம். நான் லீவு சொல்லிர்றேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, ஏதோ யோசித்து, வழக்கம்போல ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துக்கொண்டார்.

“சம்பத்து. நாளைக்கு நான் வரலைப்பா... இல்லை இல்லை, வண்டி நல்லா இருக்குது, அக்கா சரி பண்ணீட்டா... வண்டி வேண்டாம். எனக்குத்தான்.” நிறுத்தினார். அவள் அவர் வலது மணிக்கட்டில் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். துணி காயத்தோடு ஒட்டியிருக்குமோ என்று மெல்ல, ஒரு மடிப்பு, பார்த்து, இன்னொரு மடிப்பு. “போன வாரம் ரோட்டுல விழுந்துட்டேன், சம்பத்து” என்றார் குழந்தைவேலு. “விழுந்ததுகூட எனக்குத் தெரியலை.” அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டே, முழங்கைக்கு மேல் மடிப்பு ஏறுவதற்குத் தோதாகக் கையை அவள் பக்கம் நீட்டினார்.